பால்மரம் கற்பித்த பாடம்



இம்மலருக்காகப் பழைய நன்கொடை ரசீதுகளைப் பார்வையிடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அலமாரியைத் திறந்ததும் மனம் கனத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்த கட்டுகள் அவை. சில வளையங்கள் பிசினாகித் தாளில் ஒட்டியிருந்தன. சில காய்ந்து நொறுங்கின. பிரித்தெடுக்கையில் சில பெயர்கள் தாளோடு கிழிந்து போயின. உம்பாய் வட்டாரத் தோட்டங்களில் மரம் சீவிய கூலியிலிருந்து இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி தந்தவர்களின் பெயர்கள்! அறிவியல் போதித்த ஆசிரியன் செய்த பிழை இது. அதன் காரணத்தை விளக்குவது என் கடமை.

ரப்பர் நமக்குப் புதிதன்று. 1896இல் டான் சே யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டமாக அது கருதப்படுகிறது. என் தாயாரும் மரம் சீவியவர்தான். அதிகாலையில் அவர் உளியால் கீறினால் மங்கில் பால் சொட்டும். அந்தப் பாலில் நுண்ணிய ரப்பர் துளிகள் மிதக்கின்றன. அவை யாவும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். அமிலம் ஊற்றினால் அந்த விலக்கம் நீங்கும், துளிகள் கூடும், பால் கட்டியாகும்.

ரப்பர் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. 5 கார்பன், 8 ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட ஐசோப்பிரீன் என்னும் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்தது. கண்ணிகளின் வளைவினால் சங்கிலி சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

மலாயாக் காட்டுத் தாபான் மரத்தின் பாலான கட்டாபெர்ச்சாவிலும் இதே கண்ணிகள்தாம். அவை இணையும் திசை மட்டுமே வேறு. அதனால் சங்கிலிகள் நேராக நீண்டு, நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, பொருள் கெட்டியாகிறது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று. அணுக்கள் ஒன்றே, அமைப்பு மாறினால் குணமும் மாறுகிறது!

பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆகவே வெயிலில் அது பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி இதற்கு வழி கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலமிடுகின்றன. 100 பங்கு ரப்பருக்கு 2, 3 பங்கு கந்தகம் சேர்த்தால் துவளும் ரப்பர். 30 பங்குக்கு மேல் சேர்த்தால் கட்டைபோல் இறுகிய எபோனைட்.

பின் என் வளையங்கள் ஏன் கெட்டன? சங்கிலியில் எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளின் அருகே காற்றின் ஆக்சிஜன் தாக்குகிறது. சங்கிலி அறுந்தால் பிசுபிசுப்பு. பிறகு தாறுமாறாகப் புதுப் பிணைப்புகள் தோன்றினால் விறைப்பு, வெடிப்பு. வெப்பமும் வெயிலும் இதை விரைவுபடுத்தும். செம்பும் அப்படியே. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பலவீனமாகும்.

ஆகவே ஆவணங்களைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர்ப் பொருள்களை விளக்கெண்ணெய்க்கும் செம்புப் பாத்திரங்களுக்கும் அருகில் வைக்காதீர்கள். அன்னதானச் சமையற்கட்டின் எரிவாயுக் குழாயில் வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோரின் பழைய ரசீதுகள் வீட்டில் இருந்தால் ஆலயத்திற்குக் கொண்டு வாருங்கள். பார்த்து எழுதிக்கொண்டு அன்றே திருப்பித் தருவேன். கிழிந்த பெயர்களை என் கையாலேயே மீண்டும் பதிவேட்டில் எழுத விரும்புகிறேன்.