காய்ந்த புல்லும் மேல்காற்றும்

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்றார்கள் நம் முன்னோர். அந்தக் காற்றிலேயே குப்பைக்கு நெருப்பு வைக்கும்படி அவர்கள் சொல்லவில்லை.

2018-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தீக்கு இரையானது பெரும்பாலும் காய்ந்த புல்லே.

புல்லுக்கு இவ்வளவு வலிமை ஏது? பச்சை மரம் எரிய வேண்டுமாயின் முதலில் அதிலுள்ள நீர் வற்ற வேண்டும். காய்ந்த புல்லிலோ வற்றுவதற்கு நீர் மிகக் குறைவு. காற்று அதற்கு மூன்று வழிகளில் துணை செய்கிறது: மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சுகிறது, தீக்குப் பிராணவாயுவை ஊட்டுகிறது, சுவாலையைச் சாய்த்துப் பொறிகளை முன்னே வீசுகிறது. மலைச்சரிவில் அனல் மேலே உள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதால், தீ மேல்நோக்கி விரைந்து ஏறும்.

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் அத்தகைய மலைக்காடு இல்லையே என்று எண்ண வேண்டாம். கட்டடம் எழும்பாத மனைகளிலும், ஏரிக்கரையிலும், சாலையோரத்திலும் மாசி பங்குனியில் புல் சருகாகிறது. சித்திரை வைகாசியில், கடற்காற்று வந்து சேரும்வரை, நிலத்திலிருந்து வறண்ட மேல்காற்று வீசுகிறது. புல்வெளிக்கு அருகே தொழிற்சாலைக் கிடங்கும், தொழிலாளர் குடியிருப்பும், வைக்கோற்போரும் உள்ளன. பெங்களூர் நெடுஞ்சாலையில் புகை படர்ந்தால் வண்டியோட்டிக்கு எதிரே வருவது தெரியாது.

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ள வேண்டியவை யாவை?

1. குப்பையைக் கொளுத்தாதீர்கள், துப்புரவுப் பணியாளரிடம் சேர்ப்பியுங்கள்.

2. பீடி, சிகரெட்டுத் துண்டை வண்டியிலிருந்து எறியாதீர்கள்.

3. வீட்டையும் வைக்கோற்போரையும் சுற்றியுள்ள சருகைச் செதுக்கி, வெறுந்தரையாக்குங்கள்.

4. புல்லில் தீயைக் கண்டால் 101 அல்லது 112 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். காற்றுத் திசை மாறினால் தீயும் திரும்பும்.

5. தீ நெருங்கினால் புல்லற்ற வெறுந்தரைக்கோ சாலைக்கோ விலகுங்கள். சரிவில் மேல்நோக்கி ஓடாதீர்கள்.

ஒரு தீக்குச்சியைக் கிழிப்பது நம் கையில் இருக்கிறது. காற்று அதை யார் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் என்பது நம் கையில் இல்லை. இதை இன்றிரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.