நடைக்கு ஒரு மணி நேரம் வேண்டாம்

பெங்களூருவில் ஈஜிபுராவிலிருந்து கோரமங்களா கேந்திரிய சதன் வரையிலான சுமார் இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2017இல் தொடங்கியது. 2022இல் ஒப்பந்தம் ரத்தானது, 2023இல் வேறு நிறுவனம் வேலையைத் தொடர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சாலையின் நெரிசலில் சிக்கிய பலருக்கும் முதலில் பறிபோனது உடற்பயிற்சிக்கான நேரம்தான். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் நடப்பேன் என்று தள்ளிப்போடுவதை விடுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020இல் அது கைவிட்டது. ஆகவே ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி வேகமாக நடப்பதும், மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும்.

தூசியிலும் புகையிலும் நடந்தால் நுரையீரல் கெடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் பிரதான சாலையை விட்டு உள் தெருக்களில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் நடங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்து வரும்போது தெம்பே இல்லை என்பவர்கள், மாலையை ஓய்வுக்கு விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடக்கலாம். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். வீட்டுக்கு வந்தபின் கிடைக்கும் நேரத்தைப் பாட்டுக்கோ பிள்ளைகளுக்கோ குற்ற உணர்வின்றிக் கொடுங்கள்.