ஸ்பெயினில் தொழிலாளர் பேரவையும் தொழிற்சங்கமும்

பிராங்கோ ஆட்சியில் (1939-75) ஸ்பெயினில் சுதந்திரமான தொழிற்சங்கத்திற்கு இடமில்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒரே அரசுச் சங்கத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். ஆகவே தொழிலாளர்கள் ஆலைகளிலேயே கூடிப் பேசலாயினர்.

1976 ஜனவரியில் விட்டோரியா நகரில் வேலைநிறுத்தம் செய்தோர், பேரவையில் கூடியே எதையும் முடிவு செய்தனர். தாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஊதிய உயர்வை அனைவருக்கும் ஒரே தொகையாகக் கேட்டனர். விகிதக் கணக்கில் மேல்நிலையினரே அதிகம் பெறுவர் அல்லவா? மார்ச் 3 அன்று தேவாலயத்தில் கூடியிருந்தோரைக் கண்ணீர்ப்புகை வீசி வெளியேற்றிய போலீசார் துப்பாக்கியால் சுட்டனர், ஐவர் மாண்டனர்.

1977 ஏப்ரலில் சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. அக்டோபரில் அரசும் கட்சிகளும் கையொப்பமிட்ட மோன்குளோவா உடன்பாடு, ஊதிய உயர்வுக்கு ஏறத்தாழ 22 சதவீதம் என வரம்பிட்டது. அவ்வாண்டு விலைவாசி ஏற்றமோ சுமார் 26 சதவீதம். ஆலைக் கூட்டங்களிலிருந்தே வளர்ந்த ‘தொழிலாளர் குழுக்கள்’ சங்கமும் இதனை ஆதரித்தது. புதிய ஜனநாயகம் நிலைபெற வேண்டும் என்பது அதன் வாதம். அவ்வாதம் வலுவானதே, ஆயினும் அதன் விலையைச் செலுத்தியோர் ஊதியம் பெறுவோரே.

1980 தொழிலாளர் சட்டம் பேரவையை அகற்றவில்லை. வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர் கோரினால் அது கூடிப் பிரதிநிதியை நீக்கலாம். ஆனால், இன்றுள்ள வடிவில், கூட்டு ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது அவ்வுரிமை செல்லாது.