ஒரு துளி இரத்தம் சொல்லும் செய்தி

நீரிழிவு நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இரார். தாத்தாவோ பாட்டியோ, சில இல்லங்களில் நம் வயதுச் சிறுமியோ, விரலில் ஊசியால் குத்தி ஒரு சிறு கருவியில் சர்க்கரையின் அளவைப் பார்ப்பதைக் காண்கிறோம். அக்கருவி எவ்வாறு வந்தது, அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முந்தைய சோதனை

முன்னாளில் இல்லங்களில் சிறுநீரையே சோதித்தனர். பெனடிக்ட் கரைசலுடன் அதைச் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை இல்லையெனில் நீல நிறம் மாறாது. சர்க்கரை கூடக் கூடப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே பொதுவாகச் சிறுநீரில் தோன்றும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் இச்சோதனை அதைக் காட்டவே காட்டாது.

கருவி பிறந்த கதை

1960களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்னும் பட்டையை வெளியிட்டது. இரத்தத் துளியை அதில் இட்டு, 60 வினாடி கழித்து நீரால் கழுவி, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தெரியும் நிறம் மற்றொருவருக்கு வேறாகத் தெரியுமே! இக்குறையைப் போக்க, அந்நிறுவனத்தின் ஆன்டன் கிளெமென்ஸ் நிறத்தை ஒளியால் அளக்கும் கருவியை அமைத்தார். ஏறத்தாழ 3 பவுண்டு எடையுள்ள அது 1970ஐ ஒட்டி, மருத்துவர்களுக்காகவே வந்தது.

ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர் 12ஆம் வயது முதல் இந்நோயுடன் வாழ்ந்தவர். மருத்துவர் அல்லாத அவருக்குக் கருவியை விற்க மறுத்தனர். மருத்துவரான தம் மனைவியின் மூலம் அதைப் பெற்றார். நாள்தோறும் பலமுறை அளந்து, எவ்வுணவு சர்க்கரையை ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் போதும் என்று தாமே கண்டறிந்தார். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரைகளை ஏற்கவில்லை. மனம் தளராமல் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார்! நோயாளி இல்லத்திலேயே அளந்துகொள்ளும் வழக்கம் பரவ உழைத்தவர்களுள் அவர் முன்னோடி.

இயங்கும் முறை

இன்றைய கருவிகள் பெரும்பாலும் நிறத்தை அல்ல, மின்சாரத்தையே அளக்கின்றன. பட்டையிலுள்ள நொதி இரத்தத்தின் குளுக்கோஸுடன் வினைபுரியும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. குளுக்கோஸ் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அதையே கருவி எண்ணாகக் காட்டுகிறது.

கவனிக்க வேண்டியவை

1. சோப்பால் கைகழுவி, நன்கு துடைத்த பின்னரே குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறும் சர்க்கரையே. அது எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும்.

2. விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.

3. பட்டைப் புட்டியை உடனே மூட வேண்டும். ஈரம் பட்ட பட்டையும் காலாவதியான பட்டையும் தவறாகக் காட்டும்.

4. ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் தொடவே கூடாது.

5. இரத்தசோகை உள்ளவர்க்குச் சில கருவிகள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எனவே நோய் உண்டா என்று முடிவு செய்ய ஆய்வுக்கூடச் சோதனையே வேண்டும்.

எண்ணைக் கண்டபின்

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால், நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாணவியரே! வீட்டில் இக்கருவி இருந்தால் அதை இயக்க இன்றே கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பாட்டி தடுமாறும்போது அருகில் இருப்பது மருத்துவர் அல்லர், நாம்தான்.