கைப்பேசியில் கடை விரிப்போர் கவனத்திற்கு



ரஹாங்கில் மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை நடத்தும் நம்மவர்களில் முகநூலும் வாட்ஸ்அப்பும் இல்லாதவர் இன்று அரிது. கல்லாவில் இருந்தபடியே ஒரு படம் எடுத்து, நாலு வரி எழுதிவிட்டால் அது சிரம்பான் முழுவதும் போய்ச் சேருகிறது. வசதிதான். ஆனால் வாயால் சொன்ன சொல் காற்றோடு போகும். எழுதிய சொல்லையோ பிறர் படம் பிடித்து வைத்துக்கொள்கின்றனர். ஆகவே எழுதும் முறையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நம் தவற்றையே சொல்லிவிடுகிறோம். சென்ற நோன்புக்கு முன் பேரீச்சம்பழம் தருவித்தோம். படம் எடுக்கச் சோம்பி, இணையத்தில் கிடைத்த பளபளப்பான படமொன்றைப் போட்டு, "முதல் தரம்" என்றும் எழுதினோம். வந்த பழம் சற்று உலர்ந்தது; தின்னக் குற்றமில்லை, ஆயினும் படத்திலிருந்த பழம் அதுவன்று. மலாய் அம்மையார் ஒருவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். சண்டையிடவில்லை. தம் கைப்பேசியையும் பெட்டியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நமக்குத் தலை நிமிரவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு வினவிய செய்தியை நாம் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மேலே வைத்துக் காட்டாததற்கே கண்டிக்கப்பட்டார். பிறர் சரக்கின் படத்தைப் போடுவதும் உலர்ந்த தானியத்தை மேலே பரப்புவதும் ஒன்றே அல்லவா?

அடுத்தது விலை. "விலைக்குப் பி.எம். தெப்பி" என்று எழுதுவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஆள் பார்த்து விலை சொல்லவே இந்த ஏற்பாடு என்று வாடிக்கைக்காரர் எண்ணுவதில் வியப்பில்லை. இணைய வழி விற்பவர் கடைப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்ற விதி 2013 ஜூலை முதலே அமலுக்கு வந்துவிட்டது. சரக்கு வந்து சேரும் உத்தேச நாளையும் சொல்லவேண்டும்.

நாம் மிகவும் அஞ்சுவது மருந்துப் பேச்சைத்தான். கருஞ்சீரகம், தேன், மூலிகைப் பொடி விற்போர் "சர்க்கரை வியாதி தீரும், இரத்தக் கொதிப்பு அடங்கும்" என்று எழுதுகின்றனர். சிலர் ஹதீஸையும் உடன் சேர்த்துவிடுகின்றனர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் முதலிய 20 நோய்களைப் போக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956 ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். நம் வரியை நம்பி ஒரு தோட்டத்துப் பெரியவர் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பழி யாருடையது? கருஞ்சீரகம் என்று எழுதுங்கள். எடையும் விலையும் எழுதுங்கள். சுத்தம் செய்ததா என்று சொல்லுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

ஹலால் என்ற சொல்லும் அவ்வாறே. கடைக்காரர் முஸ்லிம் என்பதால் மட்டும் அச்சொல்லை விளம்பரத்தில் போட முடியாது. ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டு உத்தரவு. சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய சுவரொட்டியை மறுபடி அனுப்புவோர் தேதியைப் பார்த்துக்கொள்க.

தமிழில் ஒரு மாதிரியும் மலாயில் ஒரு மாதிரியும் எழுதாதீர்கள். இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் ரஹாங்கில் நிறைய உண்டு!

அந்த அம்மையாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிரவே நம் பெட்டியைத் திறந்து படம் எடுத்து, "பேரீச்சம்பழம், சற்று உலர்ந்தது, அரைக் கிலோ 9 வெள்ளி, கடையில் வந்து பார்த்து வாங்கலாம்" என்று மாற்றி எழுதினோம். பழைய பதிவின்கீழ் அவர் எழுதியிருந்த குறையை அழித்துவிடும்படி மகன் சொன்னான். அழிக்கவில்லை, "தவறு எங்களுடையது, பணம் கொடுத்துவிட்டோம்" என்று அதன்கீழ் ஒரு வரி சேர்த்தோம். உலர்ந்த பழம் மூன்று நாளில் விற்றுப் போயிற்று.