பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்



நம் டிரஸ்டின் ஆம்புலன்ஸுக்கு ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு பேட்டரி வாங்கியது ஏன் என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம். சந்தாப் பணம் அமானத் அல்லவா? அந்தக் கணக்கை இங்கே சொல்கிறோம். வீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

சென்ற ரமலானில் ஒரு ஸஹர் நேரம். பிரசவ வலி கண்ட ஒரு சகோதரியை விருத்தாசலம் கொண்டுபோக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான், செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர் தம் காரை எடுத்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். அன்று காலையே புது பேட்டரி போட்டோம். பழையது நான்கு வருடம் ஓடியது, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்து மாதத்தில் புதியதும் படுத்துக்கொண்டது. சார்ஜ் இறங்கியதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் ஒன்று வாங்கினோம். அவசரப்பட்டது எங்கள் தவறு.

அதுவும் மூன்றே வாரத்தில் சோர்ந்தபோதுதான் பேருந்து நிலையம் பக்கம் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தார். "பாய், பேட்டரி தண்ணித் தொட்டி மாதிரி. தொட்டி காலியா இருந்தா தொட்டியைக் குறை சொல்வீங்களா, மோட்டாரைப் பார்ப்பீங்களா?" என்றார்.

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் மின்சாரம் தருகிறது. நம் ஊரில் இன்னமும் டைனமோ என்றே சொல்கிறோம். வண்டிக்கு வேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தைப் பேட்டரியில் நிரப்புவது அதன் வேலை. ஆகவே இரண்டு நேரத்தில் அளக்க வேண்டும். முதலாவது, இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொடுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. நிறைந்த பேட்டரியே அப்படி விழுந்தால் அது பழுது.

இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது. பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஓடும்போதும் 12.3 என்றே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். சமீபத்திய சில கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். அவற்றில் ஒரு தடவை குறைவாகக் காட்டியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நம் ஆம்புலன்ஸில் எல்லா விளக்கும் ஏ.சி.யும் போட்டபோது பேட்டரியில் 13.1-தான் வந்தது. ஆல்டர்னேட்டர் முனையிலேயே அளந்தால் 14.3! நடுவில் 1.2 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் திருகிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தார். அங்கேயே 1.1 காட்டியது. 0.2 அளவுக்குள் இருந்திருக்க வேண்டும். வயரின் கண் பகுதியில் நட்டு தளர்ந்து, பச்சை பூத்துக் கருகியிருந்தது. புது லக் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கினார். ஒரு மணி நேர வேலை. கூலியும் சாமானும் சேர்த்து, வீணாக வாங்கிய பேட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எங்களை ஏமாற்றியது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கு. அது எரியவே இல்லையே என்று நம்பியிருந்தோம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் பல வண்டிகளில் அந்த விளக்கு சொல்லும். அது பேட்டரிவரை போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் அதையும் கவனியுங்கள். சில வண்டிகளில் அந்த பல்பு போனால் சார்ஜிங்கும் தொடங்காது.

மகன் வளைகுடாவில் இருக்க, வாசலில் உறை போட்டு நிற்கும் கார்கள் நம் தெருக்களில் பல உண்டு. அங்கே சார்ஜிங்கில் கோளாறே இருக்காது. பூட்டும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் நின்ற வண்டியிலும் 0.05 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். ஜும்ஆவுக்குப் பள்ளிவரை போய் வந்தால் அது நிரம்பாது. வாரம் ஒருமுறை தொழுதூர்வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பது மேல்.

ஒரு பழைய பழக்கத்தை அறவே விட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார்ப்பார்கள். அம்பாசிடர் காலத்தில் அது நடந்தது. இன்று அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி, பேட்டரியைவிடப் பல மடங்கு விலையுள்ள கம்ப்யூட்டர் கருகலாம். கழற்றும்போது எஞ்சினை அணைத்து, நெகட்டிவை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட்டோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம்.

டிரஸ்ட் அலுவலகத்தில் இப்போது ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். ஆம்புலன்ஸை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபஜ்ருக்குப் பிறகு அளந்து, நோட்டில் எழுதுகிறோம். உங்கள் காரையும் பார்க்க வேண்டுமானால் அதே நேரத்தில் கொண்டு வாருங்கள், கட்டணம் எதுவும் இல்லை. முந்தின இரவே வண்டியைப் பள்ளி வளாகத்தில் நிறுத்திவிட்டுப் போனால் அளவு சரியாக வரும்.