உப்புத் தண்ணிக்கு எதுக்கு இன்னும் உப்பு?

டிஷ்வாஷர் வாங்கின வீட்டுல முதல் வாரமே இந்தக் கேள்வி வரும்: "நம்ம போர் தண்ணியே உப்பு. இதுல ஒரு கிலோ உப்பை வேற கொட்டணுமா?" நீங்க இன்ஜினியரிங் படிக்கிற ஆள்னா, பதில் உங்ககிட்டதான் கேட்பாங்க. ரெடியா இருங்க.

நாம 'உப்புத் தண்ணி'ன்னு சொல்றதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒன்று சோடியம் குளோரைடு. இன்னொன்று கால்சியம், மக்னீசியம் உப்புகள். சோப்பு நுரைக்காததுக்கும், கீசர் காயில்ல வெள்ளையா படியறதுக்கும் காரணம் இந்த இரண்டாவதுதான். இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம்.

மெஷினுக்குள்ள இருக்கிற சாஃப்ட்னர்ல ரெசின் மணிகள் உண்டு. அவை ஒரு கால்சியம் அயனியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சோடியம் அயனியை விடும். கையிருப்பு சோடியம் தீர்ந்ததும், அடர்த்தியான உப்புக் கரைசல் ஓடி, ஒட்டிய கால்சியத்தைத் தள்ளி வெளியேத்தும். ஆக, நாம போடற உப்பு பாத்திரத்துக்கு இல்ல, ரெசினுக்கு. போர் தண்ணியில இருக்கிற உப்பு இந்த வேலைக்குப் போதாது.

ரெசினை எவ்வளவு அடிக்கடி இப்படிக் கழுவணும்னு சொல்றதுதான் நீங்க வைக்கிற செட்டிங். இங்கதான் பலர் தடுமாறுறாங்க. ஆர்ஓ சர்வீஸ்காரர் காட்டற டிடிஎஸ் எண்ணை வெச்சு செட் பண்ணாதீங்க. அந்த மீட்டர் அளக்கறது மின் கடத்துதிறனை. எது சோடியம், எது கால்சியம்னு அதுக்குத் தெரியாது.

நமக்குத் தேவை முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல பண்ண ஈடிடிஏ டைட்ரேஷன். 0.01 மோலார் ஈடிடிஏ 1 மில்லி, 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 20 மில்லி தண்ணிக்கு 8.9 மில்லி செலவானா, லிட்டருக்கு 445 மில்லிகிராம். மெஷின் மேனுவல்ல ஜெர்மன் டிகிரி இருந்தா 17.8-ஆல வகுங்க: 25 டிகிரி. அட்டவணையில 25 எந்த வரிசையில வருதோ, அதுதான் உங்க செட்டிங். லேப் இல்லன்னா கடையில கிடைக்கிற ஹார்ட்னஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப்பே போதும்.

குறைச்சு வெச்சா கண்ணாடி டம்ளர்ல வெள்ளைப் படலம், ஹீட்டர்ல சுண்ணாம்பு. வினிகர்ல கழுவினா படலம் போயிடும். தேவைக்கு மேல கூட்டி வெச்சா உப்பும் தண்ணியும் வீண். ரொம்ப மென்மையான தண்ணியில கண்ணாடியே அரிச்சு மங்கிடும். அது திரும்ப வராது.

இன்னும் மூணு விஷயம்:

1. டிஷ்வாஷர் உப்புதான் போடணும். அயோடின் டேபிள் சால்ட் வேண்டாம்.
2. முதல் தடவை மட்டும் உப்பு அறையில தண்ணி நிரப்பிட்டு உப்பு போடுங்க.
3. போட்ட உடனே ஒரு வாஷ் ஓட்டுங்க. சிந்தின உப்பு ஸ்டீலை அரிக்கும்.

கோடையில லாரி தண்ணி, மழைக்காலத்துல மெட்ரோ வாட்டர்னு மாறுற வீடா? தண்ணி மாறினா மறுபடி அளந்து, செட்டிங்கையும் மாத்துங்க.